அலைக்குப் பின்னால் ஒரு மலை: ஜப்பானிய மர அச்சுத் தொடர்களுக்கு ஓர் அறிமுகம்

அந்த அலைப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. டி-ஷர்ட், காபி மக், மொபைல் கவர் என்று அது ஏறாத இடம் இல்லை. 2024 ஜூலையில் வந்த ஜப்பானின் புது 1000 யென் நோட்டின் பின்பக்கத்திலும் அதுதான். நகம் முளைத்த விரல்கள்போல நுரை, அடியில் மூன்று படகுகள், அவற்றில் குனிந்து ஒட்டிக்கொண்டிருக்கும் படகுக்காரர்கள், தூரத்தில் சின்னதாக ஒரு மலை.

என் வீட்டுச் சுவரிலும் அதன் போஸ்டர் ஒன்று பல வருடம் தொங்கியது. சட்டம் போட்டுக் கொடுத்தவர், கையில் இருந்த சட்டத்துக்குள் அடக்குவதற்காக இடது ஓரத்தை நாலு விரல்கடை நறுக்கிவிட்டிருந்தார். அது தெரியாமலே நானும் ‘அலைப் படம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் முழுப் படத்தைப் பார்த்தபோதுதான் இடது மேல் மூலையில் ஒரு செவ்வகப் பெட்டியும் அதற்குள் எழுத்தும் இருப்பது தெரிந்தது. பெட்டிக்குள் இருப்பது: ‘ஃபுஜி மலையின் 36 காட்சிகள். கனகாவா கடலில், அலையின் அடியில்.’ பக்கத்தில், ‘முன்பு ஹொகுசாய், இப்போது இயிட்சு, வரைந்தது’ என்று ஓவியரின் கையெழுத்து; பெயரை மாற்றிக்கொண்ட ஒரே ஆள்தான்.

பெட்டியைப் படித்ததும் படமே மாறிவிடுகிறது. இது அலையைப் பற்றிய படம் இல்லை. மலையைப் பற்றிய படம். அலை அந்த மலையைப் பார்க்கக் கிடைத்த ஒரு ஜன்னல். இதே தொடரின் இன்னொரு படத்தில் ஒரு தொழிலாளி அடியில்லாத பெரிய மரப்பீப்பாய்க்குள் நின்று இழைத்துக்கொண்டிருக்கிறார். பீப்பாயின் வட்டத்துக்குள், தூரத்தில், அதே மலை. அங்கே பீப்பாய் ஜன்னல், இங்கே அலை ஜன்னல். ஒற்றைப் படமாகப் பார்த்தால் இந்த விளையாட்டு பிடிபடாது. ஜப்பானிய மர அச்சுப் படங்களில் பெரும்பகுதி இப்படித் தொடராக வந்தவைதான். நாம் அருங்காட்சியகத்தில் பார்ப்பது பெரும்பாலும் கட்டிலிருந்து உருவிய ஒரு சீட்டு.

முதலாளி யார்?

எடோ என்பது இன்றைய டோக்கியோவின் பழைய பெயர். 18-ம் நூற்றாண்டிலேயே பத்து லட்சம் பேர் வாழ்ந்த ஊர். அங்கே கடைகளில் தாள் தாளாக விற்ற படங்களுக்கு ‘உக்கியோ-எ’ என்று பெயர். ‘மிதக்கும் உலகின் படங்கள்’ என்று சொல்லலாம். நாடகக் கொட்டகை, கேளிக்கைத் தெரு, பயணம், பருவம் என்று அன்றன்றைக்கு மனம் போகும் இடமெல்லாம் அந்த மிதக்கும் உலகில் அடக்கம். விலை, ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் விலைக்குப் பக்கத்தில். காசு உள்ளவர்கள் மட்டும் வாங்கிய கலை என்று நினைத்துவிட வேண்டாம்.

படத்தில் ஓவியர் பெயர்தான் பெரிதாகத் தெரியும். ஆனால் தொழிலின் முதலாளி பதிப்பாளர். என்ன வரைவது, எத்தனை வரைவது, யாரை வைத்து வரைவது என்று முடிவு செய்து பணம் போடுபவர் அவர். ஓவியர் மெல்லிய தாளில் கறுப்புக் கோட்டில் வரைந்து தருவார். செதுக்குபவர் அந்தத் தாளைச் செர்ரி மரப் பலகையில் கவிழ்த்து ஒட்டி, கோட்டை மட்டும் விட்டு மீதியைக் குடைந்து எடுப்பார். அந்த வேலையில் மூலப்படம் தூள்தூளாகப் போய்விடும். அப்புறம் ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாகப் பலகை செதுக்க வேண்டும். அச்சடிப்பவர் பலகையில் நிறத்தைத் தூரிகையால் தடவி, ஈரத்தாளை வைத்து, மூங்கில் மடலால் சுற்றிய ‘பாரென்’ என்ற தட்டையான வட்டில் கொண்டு தாளின் முதுகில் தேய்ப்பார். நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று தப்பாமல் விழ, எல்லாப் பலகையிலும் ஒரு மூலையில் ‘ட’ வடிவ வெட்டு, ஓரத்தில் ஒரு நேர்க்கோட்டு வெட்டு. தாளை அந்த இரண்டு வெட்டிலும் முட்டி வைத்தால் போதும். பத்து நிறம் என்றாலும் கணக்கு பிசகாது.

இதில் செலவெல்லாம் முன்னாலேயே வந்துவிடுகிறது, பலகையில். ஒரே படத்தை நம்பிப் பணம் போட்டால், அது விற்காவிட்டால் தலையில் துண்டுதான். தொடர் என்றால் கதை வேறு. நாலைந்து படம் முதலில் விட்டுப் பார்க்கலாம். ஓடினால் மேலே செதுக்கலாம், ஓடவில்லை என்றால் சத்தமில்லாமல் நிறுத்திவிடலாம். நாலு படம் வாங்கியவருக்கு ஐந்தாவதும் வேண்டும் என்ற அரிப்பு வேறு வந்துவிடும். சின்ன வயதில் தீப்பெட்டிப் படம் சேர்த்தவர்களுக்கு அந்த அரிப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

எண்கள் எங்கிருந்து வந்தன

தொடரின் தலைப்பில் கிட்டத்தட்ட எப்போதும் ஓர் எண் இருக்கும். 6, 7, 8, 12, 36, 53, 54, 100, 108. புதியவர்கள் இதைப் படங்களின் எண்ணிக்கை என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். உண்மையில் அது ஒரு சாவி. வாங்குபவர் மனதில் ஏற்கெனவே இருக்கும் ஒரு பட்டியலைத் திறக்கும் சாவி.

36 என்றதும் எடோக்காரருக்கு நினைவு வருவது 36 கவிகள். ஃபுஜிவாரா நோ கிந்தோ என்ற அரசவைப் புலவர் 11-ம் நூற்றாண்டு வாக்கில் தொகுத்த மகாகவிகள் வரிசை அது. 100 என்றால் நூறு கவிஞர்கள், ஆளுக்கு ஒரு பாட்டு என்ற பழைய தொகுப்பு. புத்தாண்டுக்குச் சீட்டு விளையாடியே மனப்பாடமான பாட்டுகள். 54 என்றால் கெஞ்சி கதை என்ற பழைய ஜப்பானிய நாவலின் அத்தியாயங்கள். 12 என்றால் மாதங்கள், அல்லது ஒரு நாளின் பழைய பன்னிரண்டு பொழுதுகள். 6 என்றால் தமா என்ற பெயர்கொண்ட ஆறு ஆறுகள். 7 என்றால் கொமாச்சி என்ற பெண்கவியைப் பற்றிய ஏழு கதைகள். பதிப்பாளர் இந்தப் பட்டியலில் ஒன்றை எடுத்து அதற்குள் புதுச் சரக்கை வைப்பார். ஹொகுசாய் ஃபுஜிக்கு 36 காட்சி என்றபோது, மலையைக் கவிகளின் ஆசனத்தில் உட்கார வைத்துவிட்டார்.

இந்த விளையாட்டு உச்சத்துக்குப் போனது 8 என்ற எண்ணில் என்று எனக்குத் தோன்றும். சீனாவில் ஷியாவ், ஷியாங் ஆறுகள் ஓடும் பகுதியைப் பற்றி ‘எட்டுக் காட்சிகள்’ என்று ஓர் ஓவிய மரபு உண்டு: இரவு மழை, அந்திப் பனி, இலையுதிர்கால நிலா, கரைதிரும்பும் பாய்மரங்கள், தரையிறங்கும் வாத்துகள், மாலை மணியோசை, அந்திச் செவ்வானம், புயல் ஓய்ந்து வெளுத்த வானம். ஜப்பானியர் இதை எடுத்து பிவா ஏரிக் கரையில் எட்டு இடங்களுக்குப் பொருத்திக்கொண்டார்கள். அதுவரை சாதாரண விஷயம்.

1766 வாக்கில் சுசுகி ஹருநோபு என்ற ஓவியர் செய்தது சாதாரணம் இல்லை. அதற்கு ஒரு வருடம் முன்புதான், 1765-ல், பணக்காரக் கவிதைக் குழுவினர் புத்தாண்டுக்குப் பரிமாறிக்கொண்ட நாட்காட்டிப் படங்கள் வழியாக முழு வண்ண அச்சே பிறந்திருந்தது. அந்த வட்டத்தைச் சேர்ந்த கியோசென் என்பவருக்காக ஹருநோபு செய்த எட்டுப் படங்களின் தலைப்பு, ‘கூடத்தின் எட்டுக் காட்சிகள்’. ஏரி இல்லை, மலை இல்லை, வானமே இல்லை. ஒரு வீட்டின் உட்புறம், பெண்கள், சாமான்கள். அவ்வளவுதான்.

ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டு பெண்கள்; பக்கத்தில் கொத்தோ என்ற நீளமான நரம்பு வாத்தியம். அதன் நரம்புகளைத் தாங்கும் சிறு குதிரைகள் சாய்கோட்டில் வரிசையாக நிற்கின்றன. அதுதான் தரையிறங்கும் வாத்து வரிசை. இன்னொன்றில் ஒரு கறுப்பு அரக்குப் பாத்திரத்தின்மேல் வெள்ளைப் பட்டுப் பஞ்சை இழுத்து விரிக்கிறார்கள். அது பனி மூடிய மலை. தேநீர்க் கெண்டி கொதிக்கும் ஓசை இரவு மழை. வட்டக் கண்ணாடி இலையுதிர்கால நிலா. கொடியில் காற்றுக்கு உப்பும் துண்டு கரைதிரும்பும் பாய். கடிகாரம் அடிப்பது கோயிலின் மாலை மணி. விளக்கு அந்திச் செவ்வானம். விசிறி, வானத்தை வெளுக்க வைக்கும் காற்று.

பழைய ஒன்றை இன்றைய வேஷத்தில் காட்டும் இந்த வித்தைக்கு ஜப்பானியர் வைத்த பெயர் ‘மித்தத்தே’. பட்டியல் தெரியாதவருக்கு இது அழகான வீட்டுக் காட்சி. தெரிந்தவருக்கு விடுகதை. எட்டையும் அவிழ்த்து முடிக்கும்வரை விட மனம் வராத விடுகதை. பாடப்பொருள், எண், வாங்குபவரின் படிப்பு மூன்றும் ஒரே முடிச்சில் விழும் இடம் இது. தொடர் என்றால் என்ன என்று யாராவது என்னிடம் கேட்டால் அலைப் படத்தை விட்டுவிட்டு இந்த எட்டைத்தான் காட்டுவேன்.

53 என்பது கவிதையிலிருந்து வந்த எண் இல்லை, சாலையிலிருந்து வந்தது. எடோவிலிருந்து கியோத்தோ வரை கடலோரமாகப் போகும் தொக்கைதோ சாலை சுமார் 490 கிலோமீட்டர். வழியில் 53 தங்கலூர்கள். ஹிரோஷிகே என்ற ஓவியர் 1833-34 வாக்கில் இந்தச் சாலையைத் தொடராக வரைந்தார். புறப்படும் பாலத்தையும் போய்ச் சேரும் கியோத்தோவையும் சேர்த்து 55 படங்கள். முதல் படத்தில் விடியற்காலை. நிஹோன்பாஷி பாலத்தின் மேல் ஒரு பிரபுவின் பரிவாரம் ஏறி வர, கீழே மீன்காரர்கள் கூடைகளோடு ஒதுங்குகிறார்கள்.

எனக்குப் பிடித்தது கோயு என்ற ஊரின் படம். இருட்டும் நேரம். விடுதிப் பெண்கள் தெருவில் இறங்கி வழிப்போக்கர்களைப் பிடித்து இழுக்கிறார்கள். ஒருவரின் முதுகு மூட்டையை ஒரு பெண் பற்றி இழுக்க, அவர் கழுத்து நெரிபட்டுப் பின்னால் சாய்கிறார். வலப்பக்கம் விடுதிக்குள் ஏற்கெனவே மாட்டிக்கொண்ட ஒருவர், கால் கழுவத் தயாராக உட்கார்ந்திருக்கிறார். இப்போது அவர் தலைக்குமேல் சுவரைப் பாருங்கள். பெரிய வட்டப் பலகையில் பதிப்பாளர் தகெனோஉச்சியின் பெயர். தொங்கும் பலகைகளில் செதுக்கியவர் ஜிரோபேய், அச்சடித்தவர் ஹெய்பேய், வரைந்தவர் இச்சிர்யூசாய், அதாவது ஹிரோஷிகேயின் இன்னொரு பெயர். விடுதியின் விளம்பரப் பலகை என்று நினைத்தது படக்குழுவின் பெயர்ப்பட்டியல். செதுக்குபவர், அச்சடிப்பவர் பெயர் பொதுவாகப் படத்தில் வராத காலம் அது. இங்கே சுவரோடு சுவராக வந்துவிட்டார்கள்.

கம்பாரா என்ற ஊரை ஹிரோஷிகே முழங்கால் ஆழப் பனியில், இரவில் காட்டுகிறார். அந்த ஊரோ மிதமான கடற்கரைப் பகுதி. இது பயண ஆவணம் என்று நம்பி அந்தப் பனியைத் தேடிப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். 55 படம் அடுத்தடுத்து வரும்போது பனி, மழை, நிலா, வெயில் என்று பருவத்தை மாற்றிக்கொண்டே போகாவிட்டால் வாங்குபவருக்கு அலுத்துவிடும். தொடரின் தேவை ஊரின் வானிலையை மாற்றிவிட்டது.

சொன்ன எண், கொடுத்த எண்

இனி கொஞ்சம் வேடிக்கை. ஃபுஜியின் 36 காட்சிகளில் மொத்தப் படங்கள் 46. தொடர் நன்றாக ஓடியதால் பதிப்பாளர் நிஷிமுராயா யோஹாச்சி இன்னும் 10 சேர்த்துவிட்டார். செதுக்கிக்கொண்டே போனால் நூறையும் தாண்டும், 36-ஓடு நிற்காது என்ற தொனியில் அவர் விளம்பரமே செய்திருந்தார். எது முதல் 36, எது பின் 10 என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. முதல் 36-இல் உருவக்கோடு நீலம். பின் 10-இல் கறுப்பு. அந்த நீலம் 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் பிறந்த செயற்கைச் சாயம். ஜப்பானில் அதற்குப் பெயரே ‘பெரோ-அய்’, பெர்லின் நீலம். 1820-களின் கடைசியில் அது மலிவாக வரத் தொடங்கியதால்தான் கடலும் வானமும் நிறைந்த தொடர்கள் இவ்வளவு எடுபட்டன.

மறுபக்கம், சொன்னதைக் கொடுக்காத தொடர்கள் ஏராளம். ஹொகுசாயின் ‘நூறு கதைகள்’ என்ற பேய்த் தொடரில் நமக்குத் தெரிந்தவை ஐந்தே ஐந்து. கொசுவலையைக் கீழே இழுத்துவிட்டு எலும்புக்கூடு ஒன்று எட்டிப் பார்க்கிறதே, அந்தப் படம் இதில்தான். ஓவியர் குனியோஷியைப் புகழேணியில் ஏற்றிய ‘108 வீரர்கள்’ தொடர், பச்சை குத்திய உடம்புகளின் அணிவகுப்பு, 1827 வாக்கில் தொடங்கி எழுபத்துச் சொச்சம் படங்களோடு நின்றது.

இதில் ஒரு விசித்திரமான நன்மையும் நடந்திருக்கிறது. ஹொகுசாய் 1835-36 வாக்கில், ஒரு தாதி தனக்குத் தெரிந்த அளவில் நூறு பாட்டுக்கு விளக்கம் சொல்வதுபோல ஒரு தொடர் தொடங்கினார். நடுவில் பதிப்பாளரே மாறினார். 27 படம் வந்ததோடு சரி. ஆனால் மீதிக்காக அவர் வரைந்து வைத்த கோட்டோவியங்கள் பல இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. பலகையில் ஒட்டியிருந்தால் செதுக்கும்போதே அழிந்திருக்கும். தொடர் தோற்றதால் ஹொகுசாயின் கைக்கோடு பிழைத்தது.

சொன்ன நூறையும் கொடுத்தவர்களும் உண்டு. யோஷிதோஷியின் ‘நிலவின் நூறு தோற்றங்கள்’ 1885-ல் தொடங்கி 1892-ல் முடிந்தது. அதே வருடம் அவரும் இறந்துபோனார்.

தாளை மடிக்கிற கணக்கு

இப்போது அளவுகள். பெயர்கள் பயமுறுத்தினாலும் விஷயம் நாம் தாளை மடித்துக் கிழிப்பதுபோலத்தான். முசுக்கொட்டை இனத்தைச் சேர்ந்த கோசோ செடியின் பட்டை நாரில் செய்த பெரிய தாளைப் பாதியாக வெட்டினால் ‘ஓபான்’. சுமார் 38 க்கு 26 செ.மீ.; நம் ஏ-3 தாளைவிடக் கொஞ்சம் சிறியது. அலைப் படம் இந்த அளவு. ஓபானைப் பாதியாக்கினால் ‘சூபான்’. ஹருநோபுவின் கூடக் காட்சிகளும் அந்தப் பேய்களும் இந்தக் கையடக்க அளவில் வந்தவை. 33 க்கு 15 செ.மீ. அளவில் ஒல்லியாக இருப்பது ‘ஹோசோபான்’. எல்லாவற்றிலும் ஒன்றிரண்டு செ.மீ. முன்பின் இருக்கும். காலப்போக்கில் ஓரம் நறுக்கப்பட்டதும் அதற்கு ஒரு காரணம். சட்டம் போடுகிறவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள்.

ஒவ்வோர் அளவும் தனக்கேற்ற பாடப்பொருளை இழுத்துக்கொள்ளும். ஹோசோபானில் ஓர் ஆள் நிற்க மட்டும்தான் இடம். ஆகவே அது கபுக்கி என்ற ஜப்பானிய நாடகத்தின் நடிகர்களுக்குப் போனது. தாளுக்கு ஒரு நடிகர். மூன்று தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மேடை உருவாகும். தனித்தனியாக விற்றதால் இன்று பல தொகுப்புகளில் ஒரு நடிகர் மட்டும் மிஞ்சி, எதிரில் இல்லாத ஆளை முறைத்துக்கொண்டு நிற்கிறார்.

‘ஹஷிரா-எ’ இன்னும் விபரீதம். வீட்டுத் தூணில் ஒட்டுவதற்காக, 70 செ.மீ. உயரம், 12 செ.மீ. அகலம். இதில் ஆளை முழுசாக வரைய முடியாது. ஒரு கதவிடுக்கு வழியாகப் பார்ப்பதுபோல, பாதிப் பெண், பாதிக் குடை, தொங்கும் ஆடையின் மடிப்பு என்று வெட்டிக் காட்டினார்கள். இடப் பற்றாக்குறையிலிருந்து ஒரு பாணியே பிறந்துவிட்டது. கோரியூசாய் இதில் கில்லாடி.

பெரிய காட்சி வேண்டும் என்றால் ஓபான் மூன்றைப் பக்கவாட்டில் சேர்ப்பார்கள். குனியோஷியின் எலும்புக்கூட்டுப் படம், 1844 வாக்கில் வந்தது, இதற்கு நல்ல உதாரணம். இடது தாளில் தகியாஷா என்ற சூனியக்கார இளவரசி சுருளை விரித்து மந்திரம் படிக்கிறாள். வலது தாளின் கறுப்பிலிருந்து கிளம்பும் பிரம்மாண்டமான எலும்புக்கூடு, மூங்கில் திரையைப் பிய்த்துக்கொண்டு நடுத்தாளுக்குள் எட்டிப் பார்க்கிறது. தாள்களின் எல்லையைத் தாண்டி வருவதுதான் அந்தப் பூதத்தின் பயங்கரமே. ஒரே தாளில் சுருக்கியிருந்தால் வெறும் எலும்புக்கூடு.

விசிறிப் படங்கள் என்று ஒரு வகை உண்டு. வெட்டி, மூங்கில் ஈர்க்கில் ஒட்டி, கோடை முழுக்க வீசிவிட்டு எறிந்துவிடுவார்கள். எனவே மிஞ்சியவை குறைவு. ‘சுரிமோனோ’ இதற்கு நேர் எதிர். கவிதைச் சங்கங்கள் காசு போட்டு அடித்து நண்பர்களுக்குக் கொடுத்தவை, கடைக்கே வராதவை. கிட்டத்தட்டச் சதுரமான கெட்டித் தாள், உலோகப் பொடி, மை இல்லாமல் அழுத்திப் புடைக்க வைத்த வடிவங்கள் என்று விலையைப் பார்க்காமல் செய்தார்கள். இதிலும் தொடர்கள் வந்தன. ஹொகுசாய் 1821-ல் சிப்பிகளையும் கவிதைகளையும் இணைத்து 36 சுரிமோனோ செய்திருக்கிறார். பாருங்கள், மறுபடியும் 36.

கிடையா, நெடுக்கா

அளவைவிட முக்கியம், தாளை எப்படிப் பிடிப்பது என்பது. நெடுக்காகப் பிடித்தால் ஆள், கிடையாக வைத்தால் நிலம். இதுதான் பழைய வழக்கம். உதமாரோவின் அழகிகள், 1794-95-ல் பத்தே மாதம் மின்னி மறைந்த ஷராகுவின் நடிகர் முகங்கள் எல்லாம் நெடுக்கு ஓபான். ஹொகுசாயின் ஃபுஜியும் ஹிரோஷிகேயின் தொக்கைதோவும் கிடை. தொக்கைதோ படங்கள் பலவற்றில் நட்டநடுவே ஒரு மடிப்புத் தழும்பு இருக்கும். முழுத் தொடரையும் வாங்கியவர்கள் மடித்துப் புத்தகமாகக் கட்டி வைத்ததன் அடையாளம் அது. அந்தத் தழும்பைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம்தான். யாரோ ஒருவர் 55-ஐயும் சேர்த்துவிட்டார்.

அந்தத் தொடரிலேயே ஹாரா என்ற ஊரின் படத்தில் ஒரு சேட்டை. ஃபுஜியின் உச்சி படத்தின் மேற்கோட்டைக் கிழித்துக்கொண்டு வெள்ளை ஓரத்துக்குள் ஏறி நிற்கிறது. கிடைத் தாளில் உயரத்தைக் காட்ட இடம் போதவில்லை, சட்டத்தையே உடைத்துவிட்டார்.

இருபது வருடம் கழித்து அதே ஹிரோஷிகே தாளைத் திருப்பிப் பிடித்தார். 1856-58-ல் வந்த ‘எடோவின் நூறு காட்சிகள்’, மொத்தம் 118 படங்கள், அத்தனையும் நெடுக்கு. நெடுக்குத் தாளில் நிலக்காட்சி வரைவதில் ஒரு சிக்கல்: அகலம் இல்லை. அவர் கண்ட வழி, கண்ணுக்கு முன்னால் ஏதோ ஒன்றைப் பூதாகாரமாக நிறுத்திவிட்டு, அதன் சந்து வழியாகத் தூரத்து ஊரைக் காட்டுவது. ஷின்ஜுக்குவைக் குதிரையின் பின்னங்கால்களுக்கு இடையே பார்க்கிறோம். ஹனேதா துறையைப் படகோட்டியின் ரோமம் அடர்ந்த கால்களுக்கு நடுவே பார்க்கிறோம். கமெய்தோ தோட்டத்தை ஒரு முதிய பிளம் மரத்தின் கிளை படத்தை இரண்டாகப் பிளந்து மறைக்கிறது. அந்த மரத்தைத்தான் வான்கோ 1887-ல் எண்ணெய்ச் சாயத்தில் நகல் எடுத்தார்.

ஹிரோஷிகே 1858-ல் இறந்தார். மறு வருடம் வெளிவந்த அவருடைய ஃபுஜி 36, ஹொகுசாயின் அதே மலையை, அதே எண்ணை நெடுக்காகத் திருப்பிப் பிடித்த தொடர். அதில் சத்தா முனையின் கடலில் ஓர் அலை எழும்பி நிற்கிறது. ஹொகுசாயின் அலை பக்கவாட்டில் பாய்ந்து மலையை விழுங்கப் பார்க்கும். இவருடையது ஓர் ஓரமாக எழுந்து மலைக்கு வழிவிடுகிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள், ஆயிரம் வார்த்தை விளக்கம் மிச்சம்.

தணிக்கை முத்திரை

பாடப்பொருளை முடிவு செய்ததில் அரசுக்கும் பங்கு உண்டு. 1790 முதல் படங்களில் தணிக்கை முத்திரை கட்டாயம். ஆரம்ப காலத்தில் அது ‘பார்த்தாயிற்று’ என்ற பொருளில் ஒரு சின்ன வட்டம். ஆட்சியாளரின் வரலாற்றைத் தொட்டால் வினைதான். 1804-ல், 16-ம் நூற்றாண்டு ஆட்சியாளர் ஹிதெயோஷியை வரைந்ததற்காக உதமாரோவுக்கு 50 நாள் கைவிலங்கு. 1842-ல் சிக்கன நடவடிக்கை என்று சொல்லி நடிகர், விலைமாதர் படங்களையே தடை செய்தார்கள். நிறங்களின் எண்ணிக்கைக்கும் விலைக்கும் வரம்பு வந்தது. பதிப்பாளர்கள் சும்மா இருப்பார்களா? பழைய நூறு பாட்டுத் தொகுப்பை எடுத்து, பாட்டுக்கு ஒரு சரித்திரக் காட்சி என்று ஹிரோஷிகே, குனியோஷி, குனிசாதா மூவரையும் வைத்து ஒரு தொடரே போட்டார்கள். மேலே கவிதை, கீழே நாடகத்தனம் மாறாத ஆட்கள். படிப்பறிவு வளர்க்கும் படம்தானே, யார் தடுப்பது?

கையில் ஒரு படம் கிடைத்தால் முதலில் மூலைகளைப் பார்ப்பது என் வழக்கம். பெட்டியில் தொடரின் பெயர், பக்கத்தில் அல்லது உள்ளே இந்தப் படத்தின் பெயர், கொஞ்சம் தள்ளி ஓவியர் கையெழுத்து, சின்ன வட்டமோ நீள்வட்டமோ தணிக்கை, வணிகச் சின்னம்போல இருப்பது பதிப்பாளர். ஜப்பானிய எழுத்து தெரியாவிட்டாலும் ஒரே பெட்டி ஒரே வடிவத்தில் திரும்பத் திரும்ப வருவதை வைத்தே ஒரு தொடரைப் பிரித்துவிடலாம்.

பழைய தொழில் நலிந்த பிறகும் தொடர் சாகவில்லை. 20-ம் நூற்றாண்டில் யோஷிதா ஹிரோஷி ஒரு படி மேலே போய், எண்ணுக்குப் பதிலாகப் பொழுதை வைத்தே தொடர் செய்தார். 1926-ல் வந்த அவருடைய பாய்மரப் படகுகள் ஆறு படங்கள். எல்லாம் ஒரே படகு, ஒரே பலகைகள். நிறத்தை மட்டும் மாற்றிக் காலை, முற்பகல், பிற்பகல், மூடுபனி, மாலை, இரவு என்று அடித்திருக்கிறார். பலகைச் செலவு ஒன்று, படம் ஆறு. பழைய எடோ பதிப்பாளர் யாராவது பார்த்திருந்தால் பொறாமைப்பட்டிருப்பார்.

அவர் இந்தியாவுக்கும் வந்தார். 1931-ஐ ஒட்டி வெளியான அவருடைய இந்திய, தென்கிழக்காசியத் தொடரில் தாஜ்மகால் பல பொழுதுகளில் வருகிறது. எல்லோரா வருகிறது, காசி வருகிறது. மதுரைக் கோயிலும் ஓபான் பக்கத்து அளவில் ஒரு தாளாக வருகிறது. யோஷிதாவின் மேற்பார்வையில் அச்சான படங்களுக்கு அடையாளமாக ‘தானே அச்சிட்டது’ என்ற சிறு முத்திரை இருக்கும். அது இருப்பது படத்துக்கு வெளியே, இடது ஓரத்து வெள்ளையில். என் சட்டக்காரரின் கத்தி முதலில் போகிற இடம்.